ஈரைப் பேனாக்குவது யார்?

சிறிய சங்கதியை ஊதிப் பெரிதாக்குபவரைப் பார்த்து, ‘இவர் ஈரைப் பேனாக்குவார், பேனைப் பெருமாளாக்குவார்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழமொழியின் இரண்டாம் பாதி இருக்கட்டும். முதற்பாதியில் ஒரு விலங்கியல் உண்மை இருக்கிறது. ஈர் பேனாவதற்கு எவருடைய உதவியும் தேவையில்லை. ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆனால் ஒரு தலையில் உள்ள பேன் வகுப்பு முழுவதும் பரவிப் பல மாதங்கள் நிலைத்திருக்க வேண்டுமானால், அதற்கு மனிதர்களின் ஒத்தாசை வேண்டும். அந்த ஒத்தாசையை வீட்டிலும் பள்ளியிலும் நாம் தாராளமாகச் செய்துவருகிறோம் என்பதே என் கட்சி.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள். ‘பேனைப் பற்றி எழுத உனக்கென்னம்மா வேலை? அது எங்கள் பாடமல்லவா!’ என்று விலங்கியல் துறைத் தோழி கேலி செய்தார். பேன் எப்படி வாழ்கிறது என்பது அவருடைய பாடந்தான். ஆனால் பேனை ஒழிப்பது நீளம், வேகம், காலம் என்ற மூன்றையும் வைத்துப் போடும் கணக்கு. உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் போடக்கூடிய கணக்குத்தான். அதைப் போடாமல் நஞ்சைத் தேடிப் போகிறோம். அல்லது ஒரு பெண்ணைப் பிடித்துத் தனியே உட்கார வைக்கிறோம்.

தலைப்பேன் ஒரு பூச்சி. ஆறு கால்கள் உண்டு, சிறகுகள் இல்லை. முழு வளர்ச்சி பெற்ற பேன் 2 முதல் 3 மி.மீ. நீளம் இருக்கும்; அதாவது ஓர் எள்ளின் அளவு. ஒவ்வொரு காலின் நுனியிலும் முடியை வளைத்துப் பிடிப்பதற்கென்றே அமைந்த ஒரு கொக்கி இருக்கிறது. 1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் இலண்டனில் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலில், முடி ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கும் பேனின் படம் பெரிய மடிப்புத் தாளில் அச்சாகியுள்ளது. சுருள்வில்லின் நீட்சியைப் பற்றி ஹூக் விதி என்று படிக்கிறீர்களே, அதே ஹூக்தான்!

பேன் பறக்காது, தாவவும் தாவாது. ஊர்ந்துதான் செல்லும். முடியின்மீது நிமிடத்திற்குச் சுமார் 20 செ.மீ. தூரம் அதனால் ஊர முடியும். ஒரு நாளில் பல முறை அதற்கு இரத்தம் வேண்டும். ஆகவே தலையிலிருந்து கீழே விழுந்த பேன் ஓரிரு நாட்களில் மடிந்துபோகும். சுவரிலும் தரையிலும் அது காத்திருப்பதில்லை. ஒரு தலையின் முடி இன்னொரு தலையின் முடியைத் தொடும் வேளைதான் அது கடந்து செல்லும் பாலம். மூவர் அமரும் பெஞ்சில் ஐவர் நெருங்கி உட்காருகிறீர்கள். ஒரே கைப்பேசித் திரையை நான்கு தலைகள் குனிந்து பார்க்கின்றன. எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணத்துக்கோ படைப்புக்கோ உறவினர் கூடினால், பெரிய வீட்டு வளவில் ஒரே ஜமக்காளத்தில் பத்துப் பிள்ளைகள் படுத்துறங்கும். பேனுக்கு வேறென்ன வேண்டும்?

‘அழுக்குத் தலையில்தான் பேன் வரும்’ என்கிறார்கள். இது தவறு. பேனுக்கு வேண்டியவை இரத்தம், வெதுவெதுப்பு, பற்றிக்கொள்ள முடி. நாள்தோறும் தலைக்குக் குளிப்பவரிடமும் இவை மூன்றும் உண்டு. குளித்தால் பேன் மூழ்கிச் சாகும் என்றும் எண்ண வேண்டாம். அது தன் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு நீருக்குள் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அழுக்கோடு உண்மையான தொடர்பு உடையது தலைப்பேனின் உறவான உடைப்பேன். மாற்றித் துவைக்காத துணியின் தையல்களில் அது வாழ்வது. டைஃபஸ் என்ற கொடிய காய்ச்சலைப் பரப்புவது உடைப்பேனே என்று 1909இல் தூனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் கண்டறிந்தார். அதற்காக 1928இல் நோபல் பரிசு பெற்றார். தலைப்பேன் அப்படி நோய் பரப்புவதில்லை. அரிப்பு, சொறிந்த இடத்தில் புண், புண்ணில் சீழ் வைத்தால் கழுத்தில் நெறி கட்டுதல், இரவில் தூக்கக் கேடு, இவையே அது தரும் தொல்லைகள். இவை சிறியவை அல்ல. ஆனால் ஒரு பிள்ளையை வகுப்பைவிட்டு ஒதுக்கிவைக்கத்தக்க குற்றமும் அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? காதுகளின் பின்புறமும் பிடரியும் பார்க்க வேண்டிய முதல் இடங்கள். பொடுகை ஈர் என்று எண்ணி ஏமாறுபவர் பலர். பொடுகு ஊதினால் பறக்கும். விரலால் தள்ளினால் நகரும். ஈர் முடியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்; நகராது. பெண் பேன் நாளுக்கு ஆறு முதல் பத்து ஈர்கள் வரை இட்டு, ஒவ்வொன்றையும் பசை வைத்து ஒட்டிவிடுகிறது. அந்தப் பசை புரதத்தால் ஆனது. முடியும் புரதமே. பசையைக் கரைக்கத்தக்க இரசாயனம் முடியையும் பதம் பார்த்துவிடும் என்பதால்தான், ஈரைக் கரைக்கும் நல்ல மருந்து இன்னும் வாய்க்கவில்லை.

இங்கே நம் முதற் கணக்கு வருகிறது. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது, அதாவது நாளுக்கு மூன்றில் ஒரு மி.மீ. பேன் தன் ஈரைத் தோலின் வெதுவெதுப்புக் கிடைக்குமாறு அடிமுடியில், பெரும்பாலும் தோலிலிருந்து 6 மி.மீ. தூரத்துக்குள் ஒட்டுகிறது. பத்து நாளில் ஈர் பொரித்துவிடும். அதற்குள் முடி வளர்ந்து ஈரைத் தள்ளிச்செல்லும் தூரம் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். ஆகவே தோலிலிருந்து 1 செ.மீ.க்கு அப்பால் காணப்படும் ஈர், பொதுவாக, பேன் வெளியேறிய வெறுங்கூடு. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஒட்டப்பட்ட ஈரின் கூடு, காலாண்டுத் தேர்வின்போது 4 செ.மீ. தூரத்தில் நிற்கும். முடி ஓர் அளவுகோல் மட்டுமல்ல, அது ஒரு கடிகாரமும்கூட! நம்மூர் போன்ற வெப்பமான இடங்களில் பேன் சற்றுத் தள்ளியும் ஈரிடக்கூடும் என்பதால், தூரத்தோடு நிறத்தையும் பாருங்கள். உயிருள்ள ஈர் பழுப்பாக இருக்கும். வெறுங்கூடு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர் கண்ணில் முதலில் படுவது இந்தத் தீங்கற்ற வெள்ளைக் கூடுதான்.

என்னிடம் பி.எஸ்ஸி. படித்த மாணவி ஒருத்தி சொன்னாள். ஆறாம் வகுப்பில் அவளுடைய தலையில் ஈர் தெரிகிறது என்று கடைசிப் பெஞ்சில் ஒரு வாரம் தனியே உட்கார வைத்தார்களாம். பிறகு வீட்டில் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். ‘இப்போதும் யாராவது என் தலைக்குப் பின்னால் நின்றால் பாடம் ஏறாது மேடம்’ என்றாள். அந்த ஈர் எத்தனை செ.மீ. தூரத்தில் இருந்தது என்று அன்று யாரும் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் அதுவரை அமர்ந்திருந்த நான்கு பேரின் தலையையும் யாரும் பார்க்கவில்லை. பேன் இருந்திருந்தால் அது அவர்களிடமும் இருந்திருக்கும். ஒருத்தியை அகற்றியதால் எதுவும் குறைந்திராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பேனுக்காகவோ ஈருக்காகவோ எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நம் பள்ளிகளும் அதைக் கேட்டால் நல்லது.

இனி ஆயுதத்துக்கு வருவோம். இஸ்ரேல் நாட்டில் இலாகீஷ் என்ற பழைய நகரம் இருந்த இடத்தைத் தோண்டியபோது யானைத் தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. அகலம் 4 செ.மீ.கூட இல்லை. ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 பருத்த பற்கள். மறுபக்கம் நெருக்கமான 14 மெல்லிய பற்கள். பற்களிடையே பேனின் எச்சமும் இருந்தது. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். அதில் கீறியுள்ள 17 எழுத்துக்களை ஆய்வாளர்கள் படித்து 2022இல் வெளியிட்டார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அது! அந்தக் கானானிய எழுத்து முறையில் இதுவரை கிடைத்த முழு வாக்கியங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். இந்தச் சீப்பின் வடிவத்தை நீங்கள் எங்கோ பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நம் வாரச்சந்தையில் விற்கும் இருபக்கப் பேன்சீப்பேதான்! நம்மிடம் இன்னொன்றும் இருந்தது. ஈரை உருவி எடுப்பதற்கென்றே செய்த மரக்கருவி. ஈர்வலி, ஈர்கொல்லி என்பவை அதன் பெயர்கள். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், இது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சீப்பு என்பது ஒரு சல்லடை. முடியின் விட்டம் 0.1 மி.மீ.க்கும் குறைவு, பேனின் உடல் அகலம் அதைவிடப் பல மடங்கு. பற்களின் இடைவெளி 0.2 அல்லது 0.3 மி.மீ. இருந்தால் முடி நுழையும். அன்று பொரித்த குஞ்சும் பல ஈர்களும் சிக்கும். உங்கள் வீட்டுச் சீப்பு தேறுமா? சோதித்துப் பார்க்கலாம். 500 அச்சுத்தாள்கள் கொண்ட ஒரு கட்டின் உயரம் சுமார் 5 செ.மீ. அப்படியானால் ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ. தாள்களின் விளிம்பைச் சீப்பின் பற்களிடையே செருகுங்கள். இரண்டு மூன்று தாள்களோடு இறுகிவிட்டால் நல்ல சீப்பு. ஐந்து தாள் தாராளமாக நுழைந்தால் அந்தச் சீப்பைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். பிளாஸ்டிக் சீப்பின் பற்கள் வளைந்து இடைவெளி கூடுவதும் உண்டு. உலோகப் பற்கள் உடையது மேல்.

உலர்ந்த தலையைச் சீவினால் பேன் ஓடி ஒளியும். எண்ணெய் தடவிய தலையிலும் ஈரத் தலையிலும் அதன் ஓட்டம் குறையும். சீப்பும் வழுக்கிச் செல்லும். ஜெர்மனியில் பள்ளி மாணவர்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வெறும் கண்ணால் பார்த்தபோது உயிர்ப்பேன் இருந்த தலைகளில் மூன்றில் ஒரு பங்குகூடப் பிடிபடவில்லை. ஈரத் தலையைச் சீவிப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பிடிபட்டன. முடியைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்து, சீப்பு தோலைத் தொடும்படி வைத்து, நுனிவரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள்.

இரண்டாவது கணக்கு காலத்தைப் பற்றியது. இன்று வெள்ளிக்கிழமை, நன்றாகச் சீவிவிட்டீர்கள். நடமாடும் பேன்களில் பெரும்பாலானவை போய்விட்டன. ஒட்டியிருந்த ஈர்களில் பல தங்கிவிட்டன. அவை அடுத்த பத்து நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் ஈரிடக் குறைந்தது எட்டு ஒன்பது நாட்கள் ஆகும். அதற்குள் அதைப் பிடித்துவிட வேண்டும். செவ்வாய் சீவுங்கள், மறு வெள்ளி, மறு செவ்வாய், அதற்கடுத்த வெள்ளி சீவுங்கள். மொத்தம் ஐந்து முறை, பதினைந்து நாள். முதல் நாளில் இருந்த கடைசி ஈரும் பதினோராம் நாளுக்குள் பொரித்திருக்கும். அதற்குப் பின்னும் இரு முறை சீவுகிறீர்கள். ஒரு முறை சீவும்போது பத்தில் ஒரு பேன் தப்புகிறது என்று வைத்துக்கொண்டால், இரு முறையும் தப்புவது நூற்றில் ஒன்றுதான். கடைசி வெள்ளியன்று ஒரு பேன் அகப்பட்டாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் பக்கத்தில் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாட்கள் செவ்வாயும் வெள்ளியும் அல்லவா? பேனை நினைத்து வகுத்த நாட்கள் அல்ல அவை. ஆனாலும் இந்தக் கணக்குக்கு அழகாகப் பொருந்துகின்றன.

‘ஐந்து முறையா! ஒரே முறையில் கொல்லும் மருந்து இல்லையா?’ என்று கேட்பீர்கள். இந்த அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசுவது நம் மாவட்டத்தில் பலர் அறிந்த கைவைத்தியம். அது பேனைக் கொல்லும் என்பது உண்மையே. அவ்விதையில் அசிட்டோஜெனின் என்ற வகைப் பொருட்கள் உள்ளன. அவை உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்துவிடும். ஆனால் பூச்சியின் உயிரணு எது, உங்கள் கருவிழியின் உயிரணு எது என்று அவற்றுக்குத் தெரியாது. தலையில் பூசியது குளிக்கும்போது கண்ணில் வழிந்து கருவிழியின் மேற்படலம் பழுதான நிகழ்ச்சிகளை இந்தியக் கண் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். கடும் வலி, நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, இவை அறிகுறிகள். தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், சுத்தமான நீரால் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தலையில் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்கு நடுக்கம் வருகிறது. முன்கைத் தோலைவிடத் தலைத்தோல் இத்தகைய நஞ்சை ஏறத்தாழ நான்கு மடங்கு உறிஞ்சும். சொறிந்த புண் இருந்தால் கேட்கவே வேண்டாம். உயிர் போனதும் உண்டு. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே போனால் தீப்பற்றும். இவற்றை வீட்டில் யாராவது எடுத்தால், ‘வேண்டாம்’ என்று நீங்கள் சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். அது உங்கள் கண். உங்கள் தங்கையின் கண்.

நஞ்சின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போவது வெற்றி தராது என்பதற்குச் சரித்திரம் சான்று. 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டைஃபஸ் பரவியபோது, மக்களின் உடைகளுக்குள் டி.டி.டி. தூளைத் தூவி உடைப்பேனை அடக்கினார்கள். டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் திறனைக் கண்ட பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, கொரியப் போரின்போது, டி.டி.டி.க்குச் சாகாத உடைப்பேன்கள் தோன்றிவிட்டன. இன்று தலைப்பேனுக்குப் பரவலாகப் பயன்படும் பெர்மெத்ரினுக்கும் பல நாடுகளில் இதே கதி.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் பூசலாம். பெர்மெத்ரின் போன்ற மருந்து ஈர்கள் எல்லாவற்றையும் கொல்வதில்லை. ஆகவே ஒன்பதாம் நாள் வாக்கில் மறுமுறை பூச வேண்டும். அந்த இரண்டாம் முறையை மறப்பதால்தான் ‘மருந்து போட்டும் போகவில்லை’ என்ற புலம்பல் எழுகிறது. சில நாடுகளில் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இதில் தனி ஆர்வம். ஏனெனில் இது பேனைக் கொல்வது வேதியியலால் அல்ல, இயற்பியலால்! இரத்தம் குடித்த பேன் மிகுதியான நீரை மூச்சுத் துளைகள் வழியே ஆவியாக வெளியேற்றியாக வேண்டும். எண்ணெய் அத்துளைகளை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத நீர் பேனின் குடலையே சிதைத்துவிடுகிறது.

சீப்பானாலும் மருந்தானாலும் ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். நீங்கள் இந்த வாரம், பக்கத்துப் பெஞ்சுத் தோழி அடுத்த மாதம் என்றால், பேன் இருவரிடையே மாறி மாறிக் குடியிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் தொடங்குவதைத் தடுப்பது எது? வெட்கம்! பேன் இருப்பதாகச் சொன்னால் தனிப் பெஞ்சு கிடைக்கும் என்று பயந்து மறைக்கிறார்கள். மறைப்பதால் பரவுகிறது. பரவியதும், யாரிடமிருந்து வந்தது என்று விசாரணை நடக்கிறது. அந்த விசாரணையில் பழி ஏழை வீட்டுப் பிள்ளையின் தலையில் விழுவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஆகவே நான் ஒன்று கேட்கிறேன். வகுப்பாசிரியரிடமோ பெற்றோர் கூட்டத்திலோ ஒரு வெள்ளிக்கிழமையைக் குறியுங்கள். பேன் இருப்பவர், இல்லாதவர், மாணவியர், மாணவர் என்ற பேதமின்றி, வகுப்பில் எல்லோரும் அன்று மாலை அவரவர் வீட்டில் எண்ணெய் தடவிச் சீவட்டும். விடுதியானால் ஒரு மாடி முழுவதும் சேர்ந்து செய்யட்டும். யார் தலையில் எத்தனை என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம். வீட்டில் உங்களோடு படுத்துறங்கும் தம்பி, தங்கை, அம்மா, பாட்டி தலைகளையும் அன்றே சீவ வேண்டும். கிராப்புத் தலை என்று அண்ணன் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பான், விடாதீர்கள். அரை அங்குல முடி இருந்தாலும் பேன் தங்கும்.

தலையணை உறைகளையும் துண்டுகளையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டால் போதும். வீட்டையே கழுவ வேண்டியதில்லை. சீவிய சீப்பை 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். வெப்பமானி இல்லையென்றால், விரலை வைத்திருக்க முடியாத சூடு என்று கொள்ளலாம். பிறகு சீப்பைத் துடைத்து, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு எடுத்து வையுங்கள்.